சூடம் அணைத்த சத்தியம்

“நாம பேசி வச்ச மிஷினை உங்க அண்ணன் மறிச்சிக்கிட்டாவ! நீங்க இங்க உக்காந்து செல்லை நோண்டுங்க!”

விடிந்ததிலிருந்து மாரிக்கனி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓர் எழுத்து மாறவில்லை. எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அவள் புருஷன் பாண்டிதுரை எப்போதோ நிறுத்திவிட்டான்.

“நோண்டலட்டி. மழை எப்ப வரும்னு பாக்கேன்.”

“பாத்து? வராதேன்னு மெசேஜ் போடப் போறீங்களா?”

பாண்டிதுரை போனைச் சட்டைப்பையில் போட்டான். சாயங்காலம் மறுபடி மழை என்றுதான் அதிலும் போட்டிருந்தது.

மார்கழி முடியப் போகிற நேரத்தில் இப்படி ஒரு மழை. சேத்தூர்ப் பக்கம் விளைந்த நெல்லெல்லாம் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. இன்னொரு மழைக்குத் தாங்காது. கதிரிலேயே முளைவிட்டுவிடும். அறுவடை மிஷினுக்கு ஊரெல்லாம் அடிதடி. டிரைவர் சங்கிலிப்பாண்டியைக் கெஞ்சிக் கூத்தாடி இன்று காலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் அவன் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போய்விடுவான்.

அந்த மிஷின்தான் இப்போது பாண்டிதுரையின் அண்ணன் தனுஷ்கோடி வயலுக்குள் ஓடுகிறது என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

ரோட்டோரம் அண்ணன் வயல். அதற்கு உள்ளே தம்பி வயல். முன்வயலை அறுத்த பிறகு, அந்த வெறும் வயல் வழியாக மிஷின் பின்வயலுக்குப் போகும். வருஷா வருஷம் அப்படித்தான். போன ஆடியில் வரப்புச் சண்டை முற்றியது. தனுஷ்கோடி அய்யனார் கோவிலுக்குப் போய், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார்.

“என் பயிரு நிக்கிற எடத்துல இவன் மிஷின் எறங்காது. இது அய்யனாரு மேல சத்தியம்!”

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

கால்வாய்க் கரை வழியாக மிஷினை இறக்கிவிடலாம் என்று பாண்டிதுரை நம்பியிருந்தான். முந்தாநாள் மழையில் கரையே கரைந்து போயிற்று. முதலில் மிஷின் வரட்டும், வழியைப் பிறகு பார்க்கலாம் என்று இருந்தான்.

“மாசம் பூரா விடியக்காலம் எந்திரிச்சு விளக்குப் போட்டேன். அய்யனாரு யாருக்குக் கண்ணைத் தொறந்திருக்காரு பாருங்க!”

“சாமியை வையாதட்டி.”

“சாமியை எங்க வைதேன்? சாமி பேரைச் சொல்லிக் கழுத்தறுக்கிற உங்க அண்ணனைத்தான் வைதேன். வண்டியை எடுங்க. ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வாரேன்.”

பைக்கின் பின்னால் உட்கார்ந்த பிறகும் வாய் ஓயவில்லை. அத்தான் தனுஷ்கோடியிடம் என்னென்ன கேட்பது என்று ஒத்திகை நடந்தது.

“ஒரு தாயி வயித்துலதான பொறந்தீங்க? தம்பி பிள்ளைக அடுத்த வருசம் கஞ்சி குடிக்கக் கூடாதா? நமக்குப் பொறவு நட்டவியளுக்கு, நமக்கு முன்னால என்ன அறுப்பு வேண்டிக் கெடக்கு?”

“அவிய நெல்லும் நனைஞ்சிருக்கும்லா...”

“விட்டுக் குடுத்திராதீங்க!”

பிள்ளையார் கோவிலைத் தாண்டும்போது மட்டும் பேச்சு நின்றது, கன்னத்தில் போட்டுக்கொள்வதற்காக. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

வயலுக்குப் பக்கத்தில் வண்டி நின்றதும், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள் மாரிக்கனி. கொஞ்சம் தள்ளித் தன் பைக்குக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார் தனுஷ்கோடி. மிஷின் துப்பிவிட்டுப் போன வைக்கோலில் ஒரு பிடி அள்ளினாள், அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்க.

வைக்கோலா அது? பச்சைப் பயிர். கதிரில் ஒரு நெல்கூட உதிராமல் அப்படியே இருந்தது. ஒரு நெல்லை நகத்தால் நசுக்கினாள். பால் வந்தது.

“என்னங்க, இங்க பாருங்க. இன்னும் மணியே பிடிக்கல. இதைப் போயி யாராவது அறுப்பாவளா? மாட்டுக்குத்தான் ஆகும்.”

பாண்டிதுரை அவள் கையைப் பார்க்கவில்லை. வயலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் வயலில் பயிர் பச்சைப்பசேலென்று நின்றுகொண்டுதான் இருந்தது. நட்ட நடுவில் மட்டும், ரோட்டிலிருந்து தம்பியின் வரப்பு வரைக்கும், மிஷின் போகிற அகலத்துக்கு வகிடு எடுத்த மாதிரி அறுத்துப் போட்டிருந்தது. அந்த வகிட்டின் கடைசியில், வரப்பை முட்டிக்கொண்டு மிஷின் உறுமியது.

“அண்ணாச்சி, எறங்கட்டுமா?” சங்கிலிப்பாண்டி அங்கிருந்தே கத்தினான். “பொறவு சத்தியம் கித்தியம்னு என்னைய இழுக்காதீங்க!”

“எறங்குலே!”

தனுஷ்கோடி தம்பி பக்கம் திரும்பவில்லை. பேசியது டிரைவரிடம்தான். ஆனால் ரோட்டில் நிற்பவர்களுக்கும் நன்றாகவே கேட்கிற மாதிரி பேசினார்.

“பயிரு நிக்கிற எடத்துலதான் எறங்கக் கூடாதுன்னு சூடம் அணைச்சேன். அங்க எங்கலே பயிரு நிக்கி?”

மிஷின் வரப்பில் ஏறி, தம்பி வயலுக்குள் இறங்கியது. படுத்துக் கிடந்த நெல்லை அள்ளி அள்ளி விழுங்கிக்கொண்டு போனது.

மாரிக்கனி வாயைத் திறந்தாள். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட இப்போது உதவாது போலிருந்தது. அதற்குள் தனுஷ்கோடி தன் பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டார்.

“அத்தான்!”

வண்டி நின்றது. அவர் திரும்பவில்லை.

“இந்த வருசம் உங்க வீட்டுப் பொங்கலுக்கு எங்க வயல்ல இருந்துதான் அரிசி வரும்.”

அவர் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேண்டாம்னு மட்டும் சொல்லிராதிய, அத்தான்.”