மழைப் பாடம்

பின்பெஞ்சிலிருந்து பாடத்தைக் கவனித்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியர் "பிரமாதம்!" என்று சொல்லிவிட்டுப் போனதும், பயிற்சி மாணவி அலமு, பிள்ளையார்பாளையம் பள்ளி வகுப்பாசிரியர் கோதண்டபாணி மேல் பாய்ந்தாள்.

"இந்தப் பசங்களையா மக்குன்னு சொன்னீங்க சார்? மழை எப்படி உண்டாகுதுன்னு கேட்டேன். சார்ட்டைப் பிரிக்கறதுக்குள்ள அத்தனை பேரும் கை தூக்கினாங்க! நாலு படம் காட்டி ஒழுங்கா நடத்தினா ஏன் வராது?"

"வரும்மா, ஏன் வராது?" கோதண்டபாணிக்கும் சுர்ரென்றது. "உங்க காலேஜ்ல இருக்கறதே அந்த ஒரு சார்ட்டுதான். ஆடி மாசத்துலேர்ந்து பயிற்சிக்கு வந்த ஒவ்வொருத்தரும் அதையே தூக்கிக்கினு வந்து, அதே மழையைத்தான் பெய்ய வச்சாங்க. எனக்குச் சாக்பீஸைத் தொடவே வழியில்லை!"

அலமு கையிலிருந்த சார்ட் தானாகச் சுருண்டது.

முன்பெஞ்சுச் சிறுமி எழுந்தாள்.

"மழை போதும் டீச்சர். திங்கக்கிழமை பரீட்சை. மத்த பாடமெல்லாம் எப்போ நடத்துவீங்க?"