தூங்க மறுத்த நெட்வொர்க் கார்டு

"ஏனுங்க, இன்னிக்காச்சும் அது தூங்குமுங்களா?"

காபியை மேசைமேல் வைத்துவிட்டு ராஜப்ரியா கேட்டாள். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"தூங்கித்தான் ஆகணும். இல்லேன்னா திங்கக்கெழமை நான் கோயமுத்தூருக்கு மூட்டை கட்டணும்" என்றான் கீர்த்திவாசன்.

கல்யாணமாகி நாலே மாதம். அவளுக்குக் குன்னூரில் டீச்சர் வேலை. அவளோடு இருக்கவே, வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கி மலையேறி வந்தவன் இவன். கம்ப்யூட்டரை இன்டர்நெட்டோடு சேர்க்கும் நெட்வொர்க் கார்டு ஒழுங்காக நடந்துகொள்ள டிரைவர் என்கிற புரோகிராம் எழுதுவதுதான் அவன் பிழைப்பு. வேலையில்லாத நேரத்தில் கார்டு, கரண்டை வீணாக்காமல் தன் விளக்கை அணைத்துக்கொண்டு தூங்க வேண்டும். கோயமுத்தூர் ஆபீஸில் சமர்த்தாகத் தூங்கிய சனியன், குன்னூர் வந்ததும் கோட்டானாகிவிட்டது. கண்ணை மூடும், கொஞ்ச நேரத்தில் முழித்துக்கொள்ளும். டிரைவரை எப்படித் திருத்தினாலும் அதே கூத்து. கார்டைத் தூங்கவைக்கப் போய் இவன் தூக்கம் போனதுதான் மிச்சம்.

கார்டு இருந்த சோதனைக் கம்ப்யூட்டர் 'கொர்'ரென்று இரைகிறது என்று ராஜப்ரியா அதை வந்த வாரமே சாமான் அறைக்குத் தள்ளிவிட்டாள். இவன் முன்னறையில் லேப்டாப்போடு உட்கார்ந்தபடியே அதனுடன் மல்லுக்கட்டினான்.

"ஒண்ணும் ஆகாதுங்க. மாரியம்மனுக்கு வேண்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள் அவள்.

மேலாளர் ஜலீல் வீடியோவில் வந்தார். "கீர்த்தி, இதான் கடைசி. இதுவும் சரிவரலேன்னா ஆபீஸுக்கே வந்துடுங்க."

கீர்த்திவாசன் திருத்திய டிரைவரை ஓடவிட்டான். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள்.

"தூங்கிடுச்சு சார்!"

"இருங்க, இருங்க. அவசரப்படாதீங்க."

நேரம் போனது. ஜலீல்கூட லேசாகச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பாழாய்ப்போன கார்டு அப்போது பார்த்துக் கண் விழித்தது.

"போச்சு!" கீர்த்திவாசன் தலையில் அடித்துக்கொண்டான்.

"டிரைவர்ல ஒரு குத்தமும் தெரியலயே கீர்த்தி. உங்க ஊட்டுலதான் என்னமோ இருக்கு. அந்தப் பெட்டியக் கொஞ்சம் காட்டுங்க பாப்போம்."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சாமான் அறைக்கு ஓடினான். அங்கே ராஜப்ரியா, கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து நெட்வொர்க் வயரை அழுத்திச் சொருகிக்கொண்டிருந்தாள். புருஷனைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"கவலையே படாதீங்க. இன்னிக்கும் வயர் லூசாயி லைட்டு அணைஞ்சுதான் கெடந்துச்சு. எப்பவும்போல புடுங்கிச் சொருகி எரிய வெச்சுட்டேன்!"

"எப்பவும்போலயா?" என்று லேப்டாப்புக்குள்ளிருந்து அலறினார் ஜலீல்.

"பின்னே? லைட்டு அணைஞ்சா பெட்டி ஆறிப்போயிடுமில்லீங்களா சார்? அப்பறம் இந்தக் குளிர்ல மாவு எப்படிப் புளிக்கும்?"

கம்ப்யூட்டர் பெட்டியின் உச்சியில், கீர்த்திவாசனின் குரங்குக் குல்லாவைக் கழுத்துவரை இழுத்து மாட்டிக்கொண்டு, கதகதப்பாக உட்கார்ந்திருந்தது இட்லி மாவுப் பாத்திரம்.