பகலவன் பேரு

"பகலவன் பேரு ஒரு எடத்துலயும் கெடக்கப்படாது. நாளைக்கு இது கிடங்குக்காரங்க கைக்குப் போயிரும், பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு, முதலாளி சுடலைராஜ் தன் அறைக்குள் போனார்.

எழில்மொழி தலையாட்டினாள். கண் எரிந்தது. காலையிலிருந்து பேரை மாற்றிப் பார்ப்பது இது மூன்றாவது தடவை.

திருவொற்றியூர் ஹைரோட்டில், மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் இருந்தது அந்தச் சின்ன கம்ப்யூட்டர் கம்பெனி. காத்திவாக்கம் இறால் கிடங்கில் அமோனியா கசிந்தால் மணி அடிக்கிற புரோகிராம் அவர்களுடையது. யார், எப்போது, எதை மாற்றினார் என்று மூன்று வருஷக் கதையும் 'கிட்' (Git) என்கிற பதிவேட்டு மென்பொருளில் பதிவாகியிருந்தது. பாதிக்கு மேல் பகலவன் பேரில்.

திங்கட்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்த ஜெயவேலுக்குப் பொறுக்கவில்லை.

"ஒழைச்சவன் பேரையே தூக்குறீங்களே, இன்னா நாயம் இது?"

"பேரு மட்டும்தாம்ப்பா மாறணும். செஞ்ச வேலை அப்டியே இருக்கணும். அதுக்குத்தான் உயிரு போவுது."

முதல் இரண்டு தடவையும் பதிவுகளெல்லாம் ஒரே நேர்கோடாகிவிட்டன. இரண்டு பேர் தனித்தனியாக எழுதியதைச் சேர்த்துவைத்த மெர்ஜ் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சேர்க்கும்போது கையால் செய்த திருத்தங்களும் கூடவே போயிருந்தன. சோதித்தபோது மணி அடிக்கவேயில்லை.

"பழைய மெர்ஜ்தான, வுட்டுத் தள்ளு எழிலு."

"எப்டி வுடறது? மார்ச் மாசம் ரெண்டு பேரு எழுதனது ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கினு நின்னுது. ரெண்டையும் ஓரங்கட்டிட்டு மூணாவதா ஒரு வழி புடிச்சாதான் மணி அடிச்சுது. அன்னிக்குப் பல்லு வலி வேற."

"யாருக்கு?"

அவள் கீபோர்டைத் தட்டினாள்.

இந்தத் தடவை மெர்ஜ்களைக் கலைக்காமல், பேரை மட்டும் மாற்றி ஓட்டினாள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். புரோகிராமில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. சோதனை மணி மாடி அதிர அலறியது.

ஜெயவேல் திரையை எட்டிப் பார்த்தான். பகலவன் இருந்த இடத்திலெல்லாம் எழில்மொழி.

"அடப்பாவமே! அவன் ஒழைப்ப உன் பேர்ல போட்டுக்கினியா? நாளைக்கு அந்தப் பகலவன் நேர்ல வந்து கேட்டா, மூஞ்சிய எங்க வெச்சுக்குவ?"

எழில்மொழி நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள்.

"பகலவனே நான்தாம்ப்பா. போன மாசம்தான் கெஜட்டுல எழில்மொழி ஆனேன்."