கவலைக்குப் பத்து மதிப்பெண்

அதிபுத்திசாலிப் பிள்ளைகளுக்கும் மனசு என்று ஒன்று உண்டென்று மேலிடத்தில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். விளைவு, முதல் ரேங்க் வாங்கிய இருபது பேரைப் பொறுக்கியெடுத்து நடத்தும் சிறப்பு வகுப்பில் வெள்ளிதோறும் ‘மனம் திறக்கும் பாடவேளை’. ஆளுக்கொரு கவலையை ஒரு பக்கம் எழுத வேண்டும். சும்மா எழுதச் சொன்னால் யார் எழுதுவார்கள்? டீச்சர் அதற்குப் பத்து மதிப்பெண் வைத்தார்.

பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள். வெறுமை, தனிமை, தோல்வி பயம் என்று படிக்கப் படிக்க டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை. முதல் பெஞ்சு ரெட்டை ஜடைக்காரி மட்டும்தான் சொதப்பினாள். ‘எழுதி எழுதிக் கை வலிக்கிறது’ என்று ஒரே வரி. டீச்சர் சிவப்பு மையில் ‘ஆழம் போதாது’ என்று எழுதி, போனால் போகிறதென்று இரண்டு போட்டார்.

பார்வையிட வந்த அதிகாரி தாள்களைப் படித்து உருகிப்போனார். கடைசி பெஞ்சு கண்ணாடிக்காரனை எழுப்பினார்.

“‘கூட்டத்திலும் தனியாக இருக்கிறேன்’னு எழுதியிருக்கியே தம்பி, ஏன் அப்படித் தோணுது?”

அவன் முதல் பெஞ்சைப் பார்த்தான். “அதை அவளைத்தான் சார் கேக்கணும். அவ எழுதிக் கொடுத்தா, நான் பார்த்து எழுதினேன்.”

“எனக்கும் அவதான் சார்!” என்று வகுப்பே ரெட்டை ஜடையைக் கைகாட்டியது. அதிகாரி அவள் பக்கம் திரும்பினார்.

“எல்லாரோட கவலையையும் நீயாம்மா எழுதினே?”

“ஆமா சார். மார்க் குறைஞ்சா வீட்ல திட்டுவாங்கன்னு அழுதாங்க.”

“அப்போ உன் கவலையை எப்பதான் எழுதுவே?”

“அதையும் எழுதினேன் சார். ரெண்டு மார்க் வந்துச்சு.”