சகலைகளும் ஒரு சர்வரும்

2022 நவம்பர் 16, புதன்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம், வெளியே தூறல். இரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினி அறையில் இளைய சகலை, கையிலிருந்த தாளையும் எதிரிலிருந்த திரையையும் மாறிமாறிப் பார்த்தபடி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல எழுத்தெழுத்தாக விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்.

“என்ன சகல, எழுத்துக் கூட்டிப் படிக்கிறீங்களா?” என்றார் அடுத்த நாற்காலியில் இருந்த மூத்த சகலை. “சத்தமா படிங்க, தப்பு இருந்தா திருத்துறேன்.”

“உங்க வேலையைப் பாருங்க.”

“என் வேலை ஓடிக்கிட்டிருக்கு. உங்களதுதான் இன்னும் தவழவே ஆரம்பிக்கல.”

அக்காளை மணந்தவர் மூத்தவர். தங்கையை மணந்தவர் இளையவர். ஒரே வீட்டில் மாடியும் கீழ்த்தளமுமாகக் குடியிருந்தும், ஒரே அறையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தும், ஒருவரைப் பற்றி மற்றவர் ஒரு நல்ல சொல் சொன்னதற்குச் சான்று இல்லை. இப்போது கணினிப் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். காலியான நாற்காலி ஒன்றே. அதில் அமராதவர், அமர்ந்தவருக்குக் கீழே வேலை பார்த்தாக வேண்டும்.

“தங்கச்சி புருஷன்கிட்ட போய் நீங்க லீவு கேட்டு நிக்கிற நிலைமை வந்துச்சு, இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன்” என்று மூத்தவரின் மனைவி காலையிலேயே தீர்த்துச் சொல்லியிருந்தாள்.

யார் தலைவர் என்பதை இயக்குநர் அம்மையார் ஒரு தேர்வுக்கு விட்டிருந்தார். ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்றில் ஆளுக்கொரு லினக்ஸ் சர்வர் கணினி வாடகைக்கு எடுத்திருப்பதாகச் சொல்லி, ஆளுக்கொரு தாளும் கொடுத்தார். தாளில் சர்வரின் முகவரி, முதல் கடவுச்சொல், அடியில் அந்தச் சர்வருக்கே உரிய நாற்பத்து மூன்று எழுத்து அடையாளக் குறி. நண்பகலுக்குள் அதைப் பாதுகாப்பாக அமைத்து, நோயாளிகள் பட்டியலை ஏற்றி, வேலைக்கு ஆயத்தமாக்க வேண்டும்.

மூத்தவர் முகவரியை அடித்ததும், வழக்கம்போலத் திரையில் அந்தச் சர்வரின் நாற்பத்து மூன்று எழுத்துக் குறி தோன்றி, ‘இந்தச் சர்வரோடு முதன்முறையாகப் பேசுகிறீர்கள், தொடரலாமா?’ என்ற கேள்வி வந்தது. கேள்வி முடியுமுன் அவர் விரல்கள் ‘யெஸ்’ அடித்திருந்தன. பதினாறு ஆண்டுகளில் அந்தக் கேள்விக்கு அவர் வேறு விடை தந்ததில்லை.

அதன்பின் எல்லாம் தட்டுத்தடங்கலின்றி நடந்தன. கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனார். புதிய பயனரை உருவாக்கினார். அன்னியரைத் தடுக்கும் ஃபயர்வாலை இயக்குமுன், தாம் வந்து போகும் வழியைத் திறந்து வைக்கவும் மறக்கவில்லை. அதை மறந்து, தாம் கட்டிய கோட்டைக்கு வெளியே தாமே நின்ற அவசரக்காரர்கள் பலரை அவர் கண்டிருக்கிறார்.

பத்தே காலுக்கு இளையவர் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ ஒரு வரி எழுதினார். அம்மையார் அறையின் கண்ணாடிக் கதவைத் தட்டி, அவரிடம் அதைக் கொடுத்துவிட்டு வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்ன, ராஜினாமாவா?”

“இல்ல.”

“சர்வருக்குள்ள போனீங்களா, இல்லையா?”

“போகல.”

“வாசல்லயே நின்னுட்டீங்களா! ஒன்பது வருஷமா நான் கத்துக் குடுத்ததெல்லாம் வீணாப் போச்சே.”

“நீங்க கத்துக் குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான், சகல. டீ எங்க நல்லா இருக்கும்னு.”

மூத்தவரின் விசைப்பலகை சற்று உரக்கச் சத்தமிட்டது. பதினொன்று இருபதுக்கு நோயாளிகள் பட்டியலின் கடைசி வரியும் ஏறியது. ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தார். ஒரு குறையும் இல்லை. உடனே கைபேசியை எடுத்து, பக்கத்து நாற்காலிக்கும் கேட்கும்படி மனைவியிடம் பேசினார்.

“முடிச்சுட்டேன். இனிமே உன் தங்கச்சி புருஷனுக்கு லீவு வேணும்னா என்கிட்டதான் வந்து நிக்கணும்.”

“தருவீங்களா?” என்றார் இளையவர், தலையைத் திருப்பாமல்.

“எழுதிக் குடுங்க, பாக்கலாம். எழுத்துக் கூட்டி, பிழையில்லாம.”

நண்பகலுக்கு அம்மையார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் நியமன ஆணை. கையெழுத்தின் மை இன்னும் காயவில்லை. மூத்தவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினார். அம்மையாரும் தயங்காமல் ஆணையை அவரிடமே கொடுத்தார்.

அவர் படித்தார். இரண்டாம் வரியில் இருந்த பெயர் அவருடையதன்று.

“இது அநியாயம் மேடம்! நான் ஒண்ணு விடாம எல்லாத்தையும் முடிச்சுட்டேன். இந்த ஆளு நம்ம சர்வருக்குள்ள காலே வைக்கல!”

அம்மையார் கையிலிருந்த பேனாவை மூடினார்.

“நீங்களும் வைக்கல. தாள்ல இருக்கிற குறியும் திரையில வந்த குறியும் ஒண்ணு இல்லன்னு அவர் பத்தே காலுக்கே எழுதிக் குடுத்துட்டார். நான் குடுத்த முகவரியில இருந்தது நம்ம சர்வரே இல்ல.”