தனத்துக்குப் பிடித்த ஆசனம்

"ஏன்டி ஜானகி, புருஷன் வரப்போறான்னா தலைக்கு எண்ணெய் வச்சுக் குளிப்பாங்க. நீ எதுக்குடி தலைகீழா நிக்கிறே?"

சுவரோரம் இரண்டு கால்களையும் மேலே நீட்டியிருந்த ஜானகி மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். வாசலில் நின்றது நாத்தனார் ராசாத்தி. பக்கத்து வீடுதான். தம்பி நல்லதம்பி பட்டாளத்துக்குப் போன மூன்று வருஷமாக, தம்பி வீட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்து வருகிறவள்.

"உடம்புக்கு நல்லதாம் அண்ணி. அவரோட ஆசனப் புத்தகத்துல போட்டிருக்கு."

"அவன் ஆம்பளை, செஞ்சான். உனக்கு இடுப்பு இளைக்கணும்னா ரெண்டு மரக்கா நெல்லு குத்துடி. தானா இளைக்கும்!"

ஜானகி சிரித்துக்கொண்டாள்.

ராசாத்திக்கு எழுத்து தெரியாது. போன மாதம் பட்டாளத்திலிருந்து கடுதாசி வந்தபோது ஜானகிதான் படித்தாள். "நல்லா இருக்காராம் அண்ணி. மாசி மாசம் வந்துடுவாராம்" என்று சொல்லிவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாளிலிருந்து இந்தக் கூத்து.

கூட்டாளி வேறு, இரண்டரை வயசு தனம். அம்மா பாம்பு மாதிரி தலையைத் தூக்கினால் முதுகில் ஏறி வண்டி ஓட்டுவாள். சவம் மாதிரி கண்ணை மூடிப் படுத்தால், இமையை விரலால் பிரித்து, "இருக்கியா?" என்பாள். கடைசியாக இருவரும் தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பார்கள்.

"அந்தக் கால் இல்ல கண்ணு. சோத்துக்கைப் பக்கத்துக் காலை மடக்கு. அப்படித்தான்! அப்பா இதுல கெட்டிக்காரரு. வந்ததும் நீதான் அவருகூட நிக்கணும், என்ன?"

"அப்பா ஆசனம்!" என்று கத்திக்கொண்டே தனம் விழுவாள். எழுந்து மறுபடி நிற்பாள்.

ஜன்னல் வழியே பார்த்த எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம், ஒரு செம்பு பாலோடு வந்து ஜானகியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டாள். "புருஷன் நல்லபடியா வரணும்னு ஒத்தக்கால்ல தவம் இருக்கியே, மகராசி!"

ராசாத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "தவமாம் தவம்! இந்தா பாரு ஜானகி. அவன் போனப்புறம் பொறந்த புள்ள இது. அப்பன் மூஞ்சியையே பார்த்ததில்ல. தபால்காரரைக் கண்டாலே மூச்சடைக்க அழுவுது. பெத்தவனைப் பார்த்தும் அப்படி அலறுச்சுன்னா அவன் மனசு என்ன பாடுபடும்? அதுக்குப் பழக்கி வைப்பியா, கொக்கு மாதிரி நிக்கச் சொல்லித் தருவியா?"

"பழக்கிக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணி."

"நல்லா பழக்குனே! தம்பி வரட்டும். வாசல்லயே வச்சு எல்லாத்தையும் சொல்றேன்."

மாசி பத்தாம் தேதி, அரியலூர் ஸ்டேஷனிலிருந்து வந்த வண்டி வாசலில் நின்றது. தெருவே கூடியிருந்தது. ராசாத்தி கையில் ஆரத்தித் தட்டு; நாக்கு நுனியில் புகார். தனம் அம்மாவின் முந்தானைக்குள் பதுங்கிவிட்டாள். உதடு பிதுங்கத் தொடங்கியது.

வண்டியின் பின்பக்கம் முதலில் ஒரு கட்டை தரையில் ஊன்றியது. பிறகு இடது கால் இறங்கியது. அதற்கப்புறம் எதுவும் இறங்கவில்லை. வலது பக்கத்துக் காக்கிக் கால்சட்டை முழங்காலுக்கு மேலே மடித்துத் தைத்திருந்தது.

பஞ்சவர்ணம் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டையைக் கக்கத்தில் இடுக்கியபடி நல்லதம்பி யார் முகத்தையும் பார்க்காமல் தலைகுனிந்து நின்றான்.

தனம் முந்தானையை விலக்கி எட்டிப் பார்த்தாள். அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிதுங்கிய உதடு விரிந்தது. குடுகுடுவென்று ஓடிப்போய் அவன் கட்டையைப் பிடித்துக்கொண்டு, சோத்துக்கைப் பக்கத்துக் காலை மடக்கி நின்றாள்.

"அப்பா ஆசனம்!"

ராசாத்தி திரும்பி ஜானகியைப் பார்த்தாள். அவள் இடுப்பில் இன்னும் செருகியிருந்த கடுதாசியைப் பார்த்தாள். ஆரத்தித் தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, தன் வீட்டைப் பார்க்க நடந்தாள்.