அன்பில் நாலாவது வகை

"அஞ்சு நிமிஷம்தான் ஐயா. அதுக்கு மேல அவருக்குத் தாங்காது" என்றாள் நர்ஸ்.

சபையின் அன்பு விசாரிப்புக் குழுத் தலைவர், சின்னப் பிள்ளையின் பேச்சைக் கேட்டவர்போலச் சிரித்தார். அவருக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். ஒருவர் கையில் கிட்டார், இருவர் கையில் குழுவின் பெயர் எழுதிய பதாகை, செயலர் கையில் ஜால்ரா. எல்லோர் சட்டையிலும் 'அன்பு' என்று பொறித்த வில்லை குத்தியிருந்தது. தலைவருடையது மட்டும் சற்றுப் பெரிது.

"நாங்க நோயாளியைப் பார்க்க வரலம்மா. எங்க உடம்புல ஒரு உறுப்பைப் பார்க்க வந்திருக்கோம். பம்பு மெக்கானிக், பன்னெண்டு வருஷமா எங்க சபைக்காரர். அவருக்கு வலிச்சா எங்களுக்கு வலிக்கும்."

"சரிங்கய்யா. ஆனா படபடப்புல தூங்காம பிரஷர் ஏறி, ஆபரேஷன் ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளிப்போச்சு. பித்தப்பைக் கல்லு. இனியும் தள்ளினா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்றார். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து பிரஷர் பார்ப்பார். அதுக்குள்ள ஒரு ரெண்டு மணி நேரம் கண்ணசந்தா போதும் அவருக்கு. நாளைக்கு வரக் கூடாதா?"

"இன்னிக்கோட மாசம் முடியுதும்மா" என்றார் செயலர், அவசரமாக.

உண்மைதான். இந்த மாதம் ஒன்பது பேரை விசாரித்தாயிற்று. பத்து தேறினால் ஆண்டு விழா மேடையில் கேடயம் அவர்களுக்கு.

"நாங்க ஜெபிச்சா பிரஷர் தானா இறங்கும்" என்று தலைவர் முடித்துவைத்தார்.

நர்ஸ் கிட்டாரைப் பார்த்தாள். ஜால்ராவைப் பார்த்தாள். "இங்கேயே உட்காருங்க. அவரைத் தயார் பண்ணிட்டுக் கூப்பிடறேன்."

தயார் பண்ணப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் தலைவர், அன்புக்கு முதல் அடையாளம் பொறுமை என்று செயலரிடம் மூன்று தடவை சொன்னார். கடிகாரத்தை ஐந்து தடவை பார்த்தார்.

மூன்றாம் எண் அறையில் ஒருவர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

"பம்பு மெக்கானிக்தானே?" செயலர் பட்டியலைப் பார்த்துக் கேட்டார்.

"சொல்லுங்கய்யா."

"என்னைத் தெரியுதா?" என்று தலைவர் குனிந்தார்.

"உங்களைத் தெரியாமலா?"

தலைவர் குழுவைப் பெருமையோடு திரும்பிப் பார்த்தார். "நானும் உங்களை மறக்கல. பின்வரிசை, தூணோரம். ஒரு ஞாயிறுகூடத் தவற மாட்டீங்க. இந்த முகத்தை எங்கே பார்த்தாலும் சொல்லிடுவேன்."

"அதான் பார்த்த உடனே சொல்லிட்டீங்களே" என்றார் படுத்திருந்தவர்.

கதவைச் சாத்தினார்கள். மூன்று பாட்டு. கிட்டார் ஒரு வழி போக, ஜால்ரா வேறு வழி போயிற்று. பிறகு தலைவர் அவர் வயிற்றில் கையை வைத்து, கல்லை அங்கேயே நசுக்கிவிடுகிறவர்போல அழுத்தி, முக்கால் மணி நேரம் ஜெபித்தார். படுத்திருந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு 'ஆமென்' சொன்னார், சில சமயம் ஜெபம் முடிவதற்கு முன்பே.

"களைப்பா இருக்கா?" என்றார் தலைவர்.

"இல்லைங்க, நீங்க நடத்துங்க."

"அப்போ அன்பைப் பத்திக் கொஞ்சம் பேசலாம். அன்பு நாலு வகை, தெரியுமா? கிரேக்கத்துல நாலுக்கும் தனித்தனிப் பேரு."

"நாலையும் இன்னிக்கே சொல்லிடுவீங்களா?"

"சொல்லாம விடுவேனா?"

முதல் மூன்று வகைக்கு அரை மணி நேரம் பிடித்தது. கிட்டார்க்காரர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

"நாலாவதுதான் தெய்வ அன்பு" என்று தலைவர் குரலைத் தணித்தார். "தனக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஆனாலும் அடுத்தவன் பட வேண்டிய பாட்டைத் தான் வாங்கிக்கிட்டுப் படறது. ஆண்டவர் நமக்குப் பதிலா சிலுவையில பட்டது அதான்."

படுத்திருந்தவர் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். "மனுஷங்க யாராவது அப்படிச் செய்வாங்களாய்யா?"

தலைவர் வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார். "நாப்பது வருஷமா இதையே பேசறேன். ஒருத்தரைக்கூடக் கண்ணால பார்த்ததில்லை."

புகைப்படம் எடுத்தார்கள்.

"முகத்தைக் கொஞ்சம் வாட்டமா வெச்சுக்குங்க" என்றார் செயலர்.

"அதுக்குத் தனியா வெச்சுக்க வேண்டியதில்லைங்க."

குழு கிளம்பும்போது மணி ஏழேகால். படிக்கட்டுவரை போன தலைவருக்கு, மாத மலரில் போட நோயாளியின் வாயால் ஒரு வரி வாங்கவில்லையே என்று உறைத்தது. தனியாகத் திரும்பி வந்தார். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நர்ஸ் பேசிக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரிங்க டிரைவரண்ணா. உங்க பதினோராம் நம்பர் ரூம்ல மெக்கானிக் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கிட்டிருக்கார். பிரஷர் இறங்கிடுச்சு, காலைல பத்து மணிக்கு ஆபரேஷன்னு டாக்டர் எழுதிட்டார். உங்களைத்தான் மத்தியானமே டிஸ்சார்ஜ் பண்ணியாச்சே, வீட்ல அக்கா தேடப்போறாங்க."

டிரைவர் தலையணையைத் தட்டிச் சரிசெய்துகொண்டார்.

"அவளுக்குச் சொல்லி அனுப்பிட்டேம்மா. காலைல ஆறு மணிக்கு இவங்க மாதர் சங்கம் வருதாம், அதையும் வாங்கிக்கிட்டே போயிடறேன்."